கோர் டிரில்லிங் கருவியில் கசிவுத் தடுப்பு: நாமக்கல் வட்டாரக் கடும்பாறையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கொல்லிமலை அடிவாரத்து எருமப்பட்டி முதல் திருச்செங்கோடு வரையிலான நாமக்கல் வட்டாரம் சார்னோக்கைட், நைஸ் முதலான கடும்பாறைகளால் ஆனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு அமைக்கையில் பாறையைத் தூளாக்கி, அழுத்தக் காற்றால் வெளியேற்றுகின்றன. கனிம ஆய்வுக்குரிய கோர் டிரில்லிங் முறையிலோ பாறை சிதையாத உருளையாக எடுக்கப்படுகிறது. அவ்வுருளை முழுமையாகக் கிடைப்பதில் கசிவுத் தடுப்பின் பங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

நீரின் பாதை

வைரத் துகள் பதித்த வளைய வடிவப் பிட் சுழன்று பாறையை அறுக்கிறது. பம்பு செலுத்தும் நீர் ராடுகளின் உட்புழை வழியே இறங்கிப் பிட்டைக் குளிர்வித்து, பாறைத்தூளை ஏந்தித் துளைச்சுவரை ஒட்டி மேலேறுகிறது. நிலையான குழாயிலிருந்து சுழலும் ராடுக்கு நீர் மாறும் வாட்டர் ஸ்விவலில் பேக்கிங் வளையங்கள் கசிவைத் தடுக்கின்றன. ராடு இணைப்புகளில் மரை இறுகும்போது உலோக முகங்களே ஒன்றோடொன்று அழுந்தி அடைப்பாகின்றன. இவ்விடங்களில் கசிவு மிகுந்தால் பிட்டுக்குப் போதிய நீர் சேராது. பிட் சூடேறிக் கெடும். தூள் தங்கி ராடு சிக்கும்.

செய்தி தரும் வளையம்

இரட்டைக்குழல் அமைப்பில் வெளிக்குழல் சுழல, உட்குழல் சுழலாது நின்று உருளையை ஏற்கிறது. உட்குழல் நிரம்பினாலோ உருளை இடையில் சிக்கினாலோ, மேல்நோக்கிய தள்ளுதலால் அதன் தலைப்பகுதியிலுள்ள ரப்பர் வளையங்கள் நசுங்கி விரிந்து நீர்வழியை அடைக்கின்றன. உடனே அழுத்தமானியின் முள் ஏறுகிறது. துளையிடுவோர் நிறுத்திவிட வேண்டும். தேய்ந்த வளையம் இவ்வெச்சரிக்கையைத் தராது. சுழற்சி தொடர்ந்தால், உட்குழலுக்குள் நுழைய இயலாத பாறை பிட்டின் கீழே அரைபட்டுத் தூளாகிவிடும்.

உருளை இழப்பும் முடிவின் நம்பகமும்

3 மீட்டர் துளைத்து 2.7 மீட்டர் உருளை கிடைத்தால் மீட்பு விகிதம் 90 விழுக்காடு. எண்ணளவில் இது நிறைவளிக்கலாம். ஆயின், இதே மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பாறையினுள் குரோமைட் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. அத்தகைய மெல்லிய அடுக்கொன்று இழந்த 30 சென்டிமீட்டரில் இருந்திருந்தால், அது பதிவிலிருந்தே மறைந்துவிடும்.

முடிவுரை

‘கனிமம் இல்லை’ என்பதும் ‘உருளை கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. எனவே உருளை இழந்த ஆழம், அப்போதைய நீரழுத்தம், வளையங்கள் மாற்றப்பட்ட நேரம் ஆகியவை துளைப்பதிவில் இடம்பெறுதல் வேண்டும். அவையின்றி, பாறையின் இயல்பால் நேர்ந்த இழப்பையும் கருவியின் தேய்மானத்தால் நேர்ந்த இழப்பையும் பின்னர் வேறுபடுத்துதல் அரிது.