பாலிகஞ்சுக் கடைகளும் இரண்டு வாளிகளும்

பாலிகஞ்சுத் தெருக்களில் காலை வேளையில் துப்புரவுத் தொழிலாளியின் ஊதல் ஒலி எழுந்ததும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். வாளியை ஏந்திக்கொண்டு யாரேனும் ஒருவர் படியிறங்கி ஓடுவார். இக்காட்சி நம் நேயர்களுக்குப் புதிதன்று. மாநகராட்சி வீடுகளுக்குப் பச்சை வாளி ஒன்றும் நீல வாளி ஒன்றும் வழங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அழுகும் குப்பை பச்சையில். உலர்ந்த குப்பை நீலத்தில். நம் இல்லத்தரசிகள் பெரும்பாலும் இதைச் சரிவரச் செய்துவருகிறார்கள். (நீல வாளியில் அரிசி சேமித்து வைத்திருக்கும் வீடு ஒன்றையும் நாம் அறிவோம், அது எவருடையது என்று சொல்லமாட்டோம்.)

நாம் இம்மாதம் எழுத எடுத்துக்கொண்டது வீட்டுக் குப்பையை அன்று. நம்மவர் நடத்தும் சிறு கடைகளின் குப்பையை.

அலுவலகம் செல்லுமுன் நாம் சிற்றுண்டி அருந்தும் கடை கரியாஹாட்டுக்குச் சமீபத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. ஆறு மேஜைகள், நான்கு சிப்பந்திகள். உரிமையாளர் முப்பது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தது. முந்திய தினம் அதிகாரி ஒருவர் வந்து, குப்பையைப் பிரித்து வைக்கவேண்டும், தடைசெய்த பொருள்களை வைத்திருக்கலாகாது, மறுமுறை அபராதம் விழும் என்று எச்சரித்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்துச் சென்றிருக்கிறார்.

“தம்பி, நித்தம் ஆபீஸ் கடுதாசி பாக்கிற ஆளு நீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. உரம் போடுற மிஷின் வாங்கணும்னு அடுத்த கடைக்காரரு சொல்லுதாரு. அதுக்குப் பேசாம கடையை மூடிட்டு ஊருக்குப் போயிரலாம்” என்றார்.

நாம் கற்றது பத்தாம் வகுப்பு வரைதான். ஆயினும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குச் சட்டதிட்டத் தாள்களைக் கண்டு அச்சம் போய்விடுகிறது. அன்று மாலையே உட்கார்ந்து படித்தோம். சங்கத்து அன்பர்கள் இருவரும் துணைக்கு வந்தனர்.

விஷயம் இவ்வளவுதான். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய அரசால் வெளியிடப்பட்டன. குப்பையை உண்டாக்குகிறவரே அதை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் பிரிவுகள் நான்கு: ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு. பல்பு, பேட்டரி, பெயிண்ட் டப்பா, பழைய மருந்து ஆகியவை கடைசி வகையைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை சேரும் இடங்களைப் பெருங்கழிவாளர் என்று தனியே வகுத்து, அவர்களுக்குக் கூடுதல் பொறுப்புகள் விதித்திருக்கிறார்கள். அண்ணாச்சி அஞ்சிய மிஷின் அவர்களைப் பற்றிய பேச்சு. ரயில்வே பார்சலை நிறுப்பதுபோல் மூன்று நாள் அவருடைய குப்பையை நிறுத்துப் பார்த்தோம். ஒரு நாளேனும் 40 கிலோவைத் தாண்டவில்லை. இதைச் சொன்னவுடன் அவர் நமக்கு ஒரு காபி கொடுத்தார், காசு வாங்கவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

பிளாஸ்டிக் விதி வேறு. 2022 ஜூலை 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, தம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழல், மிட்டாய்ப் பெட்டிமேல் சுற்றும் மெல்லிய தாள் முதலியன நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. கைப்பையானால் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கனம் கூடாது. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதலே தடை வந்துவிட்டது; பின்னர் மஞ்சப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரும் இயக்கத்தையும் அரசாங்கம் தொடங்கியது. அண்ணாச்சிக்கு இதில் நஷ்டம் அதிகமில்லை. சாப்பாட்டுக்கு வாழையிலை லேக் மார்க்கெட்டில் கிடைக்கிறது. பலகாரத்துக்குச் சாலிலைத் தட்டு இவ்வூர் வழக்கம். தேநீருக்கு மண்பாண்டமாகிய ‘பாண்ட்’ இருக்கவே இருக்கிறது. பார்சல் வாங்க வருவோர் தூக்குப் பாத்திரம் கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைப்பதென்று பலகை எழுதிவைத்தார். கொண்டுவருவோர் சிலரே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விதியைப் படிப்பது எளிதாக முடிந்தது. கடையில் நடத்திக் காட்டுவதில்தான் நாம் தோற்றோம்.

இரண்டு வாளிகள் வாங்கினோம். ‘ஈரக் குப்பை’, ‘உலர்ந்த குப்பை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதி ஒட்டினோம். எந்தச் சரக்கு எந்த வண்டிக்கு என்று சீட்டு ஒட்டுவது நம் தொழிலல்லவா? பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். ஒரு வாரம் கழித்துச் சென்று பார்த்தால் இரண்டிலும் இலை, இரண்டிலும் பால் பாக்கெட், இரண்டிலும் சாம்பார். நமக்குக் கோபம் வந்தது. எச்சில் எடுக்கும் பையனை அழைத்து, “இவ்வளவு சொல்லியும் ஏன் இப்படிச் செய்கிறாய்?” என்று வங்காளத்தில் கடிந்துகொண்டோம்.

அவன் பேசாமல் வலக்கையை நீட்டினான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஈர வாளியில் யாரோ போட்ட உடைந்த கண்ணாடித் தம்ளர், இலைகளைக் கையால் அமுக்கும்போது கிழித்துவிட்டதாம். காயம் ஆழமானது, தையல் போட்டிருந்தார்கள். நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. அண்ணாச்சி மருத்துவச் செலவைக் கொடுத்தார். நாலு நாள் கூலியில் பாதி கொடுத்தார். நாம் அருகில் நின்றதால்தானோ என்னவோ, மறு பாதியையும் அன்று எடுத்துக் கொடுத்தார்.

பையன் கானிங் பக்கத்தவன். விடியற்காலை முதல் வண்டியில் வந்து பாலிகஞ்சு ஸ்டேஷனில் இறங்குகிறவன். அவனுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வங்காள எழுத்தும் தட்டுத்தடுமாறித்தான். நாம் ஒட்டிய சீட்டு நாமே படித்து மகிழ்வதற்குத்தான் ஆயிற்று. மேலும் நீல வாளியை வாசலோரத்தில் வைத்திருந்தோம். அவன் நிற்பதோ கொல்லைப்புறத்துத் தொட்டியடியில். இரு கையிலும் எச்சில் தட்டுகளோடு, கூட்டமுள்ள வேளையில், ஒரு பால் பாக்கெட்டுக்காக வாசல்வரை எவன் நடப்பான்? நாமாயினும் நடக்கமாட்டோம்.

மறுநாள் அவனையே கேட்டு ஏற்பாட்டை மாற்றினோம். இரண்டு வாளிகளும் தொட்டியடியில் பக்கம் பக்கமாக வந்தன. சீட்டுகளைக் கிழித்தோம். ஒன்றின்மேல் வாழையிலைத் துண்டும் மற்றொன்றின்மேல் கழுவிய பால் பாக்கெட்டும் கட்டித் தொங்கவிட்டது அவன் யோசனை. இலை வாடினால் புதிதாகக் கட்டுவான். உடைந்த கண்ணாடிக்கென்று மூடியுள்ள பழைய எண்ணெய் டின் ஒன்று சுவரோரம் வைக்கப்பட்டது. அதில் போடுமுன் காகிதத்தில் சுற்றவேண்டும். இப்போது தவறு நேர்வது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மட்டுமே.

பிரித்த பின்பு என்ன ஆகிறது? அண்ணாச்சியும் இதைத்தான் கேட்டார்: “எல்லாம் தாபாவுலதானே போய்ச் சேரப் போவுது?” நியாயமான கேள்வி. நகரத்தின் குப்பை நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன்னாக, கிழக்கே பைபாஸ் சாலைக்கு அப்பாலுள்ள தாபா மேட்டுக்குச் செல்கிறது. அதையொட்டிய வயல்களில் விளையும் காய்கறிகள் நகரத்துச் சந்தைகளுக்கு வருகின்றன. அப்பக்கத்துச் சதுப்பு நிலங்கள் 2002-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. நகரத்தின் சாக்கடை நீரை மீன் வளர்க்கும் நீராக மாற்றித் தருபவை. ஈரமும் பிளாஸ்டிக்கும் கலந்து மேடாகக் குவிந்தால் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் வாயு உண்டாகிறது, தீயும் பற்றுகிறது. அழுகும் பொருளைத் தனியே கொடுத்தால் உரமாக்க வழியுண்டு.

ஆனால் அண்ணாச்சியின் மனம் மாறியது தாபாவினால் அன்று, ‘பிக்ரிவாலா’வினால். உலர்ந்த குப்பையில் பெரும்பகுதி மாநகராட்சி வண்டி ஏற வேண்டியதே இல்லை. அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், கழுவி உலர்த்திய பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அவர் எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். சாம்பார் பட்ட அட்டையை அவர் தொடுவதில்லை. முன்பு அவ்வளவும் வீணாயிற்று; இப்போது வாரந்தோறும் கிடைக்கும் சில்லறை, அண்ணாச்சியின் உத்தரவுப்படி, எச்சில் எடுக்கும் பையனுக்குச் சேருகிறது. பால் பாக்கெட்டைத் திறக்கையில் மூலையை முழுவதும் வெட்டி எறியாமல் ஒட்டியவாறே விடவேண்டும் என்பதைச் சொல்லித்தந்தவரும் பிக்ரிவாலாவே. சிறு துணுக்குகளைப் பொறுக்க எவராலும் ஆகாது. பில் மிஷினில் வரும் வழுவழுப்பான ரசீது ரசாயனம் பூசியது. அதைக் காகிதத்தோடு சேர்க்கலாகாது.

காய்ந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கேடான கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாதென்பது 2018 ஜூலை முதல் விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகள் 2019 மார்ச் முதல் அதற்குக் கணக்கும் வைக்கவேண்டும். அண்ணாச்சி கடை அவ்வளவு பெரிதன்று. ஆயினும் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் மழைக்காலத்தில் சந்து முழுவதும் அனுபவிக்கிறது. அதைச் சேகரித்து டீசலாக்குவோரிடம் கொடுக்க வழியுண்டு.

இங்கிலாந்திலுள்ள நம்மவருக்கும் இதே கவலை வந்திருக்கிறது. அங்கே 2025 மார்ச் 31 முதல் கடைகளும் அலுவலகங்களும் உணவுக் கழிவையும் மறுபயனுக்குரியவற்றையும் பிரித்தாகவேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிப்பந்திகள் உள்ள இடங்களுக்கு 2027 மார்ச் 31 வரை தவணை தந்திருக்கிறார்கள். இங்கே நம் சிறு கடைக்காரருக்கு அத்தகைய தவணை இருந்திருந்தால் அண்ணாச்சி ஓர் இரவேனும் நன்றாக உறங்கியிருப்பார்.

பிறருக்குச் சொல்லப் போன நம் சங்கத்தின் லட்சணத்தையும் மறைக்கலாகாது. சென்ற பொங்கல் விழாவில் இருநூறு பேருக்கு மேல் உண்டோம். இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கோப்பை எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியானால் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையையும் பிரிக்கவேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. அண்ணாச்சியின் தாளைப் படித்தபோதுதான் நமக்கே தெரிந்தது. காரியதரிசியிடம் சொன்னோம். வரும் விழாவுக்குப் பந்தியோரத்தில் வாளிகள் வைக்கும் பொறுப்பை அவர் நம் தலையிலேயே கட்டிவிட்டார்.

வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் மூன்று கடைகளுக்குச் செல்கிறோம்: ஒரு மாவுக் கடை, ஒரு தையல் கடை, ஒரு காபிப்பொடிக் கடை. தையல் கடையில் எச்சில் இலை கிடையாது. துணித் துண்டுகளை யார் வாங்குகிறார்கள் என்று விசாரிக்கவேண்டும். வங்காளம் சரளமாகப் பேசத்தெரிந்த அன்பர் ஒருவரோ சகோதரி ஒருவரோ உடன்வந்தால் சிப்பந்திகளோடு பேச உதவியாயிருக்கும். கூடுமிடம் அண்ணாச்சி கடை வாசல்.