“ஓசி”யில் வந்த வார்த்தையும் குண்டு விழுந்த ஊரும்! கடலூர், சிதம்பரத்தில் உலவும் டீக்கடை அகராதி

“ஓசியிலேயே பேப்பர் படிக்கிறீரே, ஓசின்னா என்னான்னு தெரியுமாய்யா?”

டீக்கடை பெஞ்சில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு அர்த்தம் சொல்வார்கள். அதில் மூன்று சொந்தச் சரக்கு!

சொல்லுக்குக் கதை கட்டுவதில் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கம் வேடிக்கை என்னவென்றால், கட்டிய கதையை நிஜக் கதை தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

கம்பெனி தபால்

“ஓசி”க்கு ஊரெல்லாம் சொல்லும் கதை இது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் தபால் உறைகளில் “ஆன் கம்பெனி சர்வீஸ்” என்று போடுமாம். அந்தத் தபாலுக்குக் கூலி கிடையாதாம். அதன் சுருக்கம்தான் ஓ.சி. என்கிறார்கள்.

அப்படியானால் “ஓ.சி.எஸ்.” என்றல்லவா இருக்க வேண்டும்? அந்த “எஸ்” எங்கே போயிற்று? அதையும் யாரோ ஓசியில் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது!

கதை மெய்யோ பொய்யோ, மெய்யென்றால் கடலூருக்கும் அதில் பங்கு உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத்தான். 1752 வரை இந்தப் பக்கத்து அதிகாரமெல்லாம் இங்கிருந்துதான் நடந்தது.

குண்டு யார்?

கடலூரை ஒட்டி “குண்டு உப்பலவாடி” என்று ஓர் ஊர். பஸ்ஸில் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர் சிரிப்பார். “ஊர்ல எல்லாரும் அம்மாம் குண்டா?” என்பார்.

குண்டு ஆள் அல்ல, பீரங்கிக் குண்டு!

1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சுற்றியுள்ள நிலத்தை எப்படி அளப்பது? சங்கிலி இல்லை, சர்வேயர் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு! நாலு திக்கும் சுட்டார்கள். குண்டு போன எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்கெல்லாம் “குண்டு கிராமம்” என்று பெயர் வந்தது.

மருந்தை இரண்டு பிடி கூடப் போட்டால் வயலும் தோப்பும் சேர்ந்து வருகிறது. பீரங்கிக்காரன் சும்மா இருந்திருப்பானா? பத்திரப்பதிவு ஆபீஸில் கால் கடுக்க நிற்பவர்களுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். காலையில் ஒரு ராஜாவின் குடிமகனாக எழுந்தவன், ஒரு “டுமீல்” சத்தத்தில் கம்பெனி குடிமகன் ஆகிவிட்டான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் இருக்கிற அத்தாட்சிகளில் ஒன்று, ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் “குண்டு”தான். அதைத்தான் சிரித்துத் தள்ளுகிறார்கள்!

ஓ.டி. பார்த்தீர்களா?

சென்னை குமாஸ்தா “நேத்து ஓ.டி.” என்றால் கையில் நாலு காசு வந்திருக்கிறது என்று பொருள். கடலூரில் சொன்னால் முதுநகர் போய் வந்திருக்கிறார், அவ்வளவுதான். ஓல்டு டவுன் ஓ.டி.; நியூ டவுன் என்.டி. கண்டக்டர் “ஓட்டி, ஓட்டி!” என்று கத்தினால் டிரைவரைக் கூப்பிடுவதாகப் புதிதாக வந்தவர் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தில்லும் தில்லையும்

சிதம்பரத்துக்காரருக்குத் “தில்லு” அதிகம், ஊர்ப் பேரே தில்லையாச்சே என்று யாராவது அளந்தால் நம்பிவிடாதீர்கள். “தில்” என்பது இந்தியும் உருதும் தந்த சொல். நெஞ்சு என்று அர்த்தம். தில்லை என்பது மரம். பிச்சாவரம் கழிமுகத்தில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்தை ஒடிக்கத்தான் நிஜமாகவே தில்லு வேண்டும்!

ஆபீஸில் பிரமோஷன் லிஸ்டைக் கூடச் “சிதம்பர ரகசியம்” என்கிறார்கள். நடராஜர் கோயிலில் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. அதில் தொங்கும் தங்க வில்வ மாலை. ஒளித்து வைத்த பொருள் ஏதுமில்லை. பிரமோஷன் லிஸ்டில் அப்படியா?

மல்லாட்டை

மல்லாந்து படுத்துக்கொண்டு கொறிப்பதால் “மல்லாட்டை” என்று ஒரு விளக்கம் சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் நம்பக்கூடும். தென்னாற்காட்டுச் சீமையில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிருக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பேர். அதைத் தேய்த்து மெருகேற்றியது நம் விவசாயி வாய். தென்னாற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் இந்த ஒரு சொல் பிரியவில்லை. விருத்தாசலம் மண்டியில் விலை கேட்டால் “மணிலா” என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் சென்னைக்குப் படிக்கப்போன பையன் “மல்லாட்டை குடுங்க” என்று கேட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் என்ன செய்வான்? அடுத்த தடவை “வேர்க்கடலை” என்பான். லீவுக்கு வந்தால் வீட்டிலும் அதையே சொல்வான். ஆயாவுக்குத்தான் கோபம் வரும்.

“என்னாடா அது வேர்க்கடலை? காட்டுல புடுங்குனது மல்லாட்டைதாண்டா. வேணும்னா துன்னு, வேணாம்னா வச்சுட்டுப் போ!”