அழலும் அழற்சியும்: ஒரு சுண்டெலிப் புரதத்தின் வரலாறு

சென்ற தீபாவளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸில் என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டேன். ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரிபவள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்றாள். சிறு கண்ணாடிக் குப்பி; அடியில் ஒட்டியிருந்த வெண்துகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் இருந்தது. சுண்டெலியின் டி.என்.எப். ஆல்பா என்னும் புரதம் அது. ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது என்று சீட்டில் கண்டிருந்தது.

இது 'சைட்டோகைன்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் உயிரணு, அசைவு என்னும் இரு சொற்கள் சேர்ந்து உண்டான பெயர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்குச் செய்தி விடுப்பதால் 'உயிரணுத் தூது' எனலாமே என்றேன். கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழிக்கு இது பெரிதா? இத்தூது கொண்டுசெல்லும் செய்தி அழற்சி. அழல் என்பது நெருப்பு. அதனடியாகப் பிறந்தது அழற்சி. ஐரோப்பியர் வழங்கும் சொல்லும் தீயை அடியாகக் கொண்டதே. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் நான்கும் அதன் குறிகள் என்று பழைய ரோமானிய ஆசிரியர் செல்சஸ் எழுதிவைத்தார்.

1975இல் நியூயார்க்கில் கார்ஸ்வெல், ஓல்டு முதலியோர் சுண்டெலிகளுக்கு முதலில் பி.சி.ஜி.யும் பின்னர் நுண்ணுயிர் நச்சும் ஊசிவழி செலுத்தினர். நம் பிள்ளைகளுக்குக் காசநோய்த் தடுப்பாகப் போடப்படும் அதே பி.சி.ஜி.தான். அச்சுண்டெலிகளின் குருதிநீரைக் கட்டியுள்ள வேறு சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது கட்டி கருகி அழிந்தது. ஆகவே அதிலிருந்த பொருளுக்குக் கட்டி நசிவுக் காரணி என்று பெயரிட்டனர், டி.என்.எப். என்பது அதன் சுருக்கம். மற்றொருபுறம் செராமியும் பாய்ட்லரும் நோயுற்ற விலங்கின் உடலை உருக்கி மெலிவிக்கும் பொருளைத் தேடி, அதற்குக் 'கக்கெக்டின்' என்று பெயர் சூட்டியிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1985இல் தெளிவாயிற்று. நல்லதெனப் போற்றியதும் கொடியதென அஞ்சியதும் ஒரே பொருளாய் முடிந்தன!

மனிதனின் டி.என்.எப். மரபணு 1984இலும் சுண்டெலியினது அடுத்த ஆண்டிலும் பிரித்தெடுக்கப்பட்டன. அம்மரபணுவை 'ஈ. கோலை' என்னும் குடல் நுண்ணுயிருக்குள் புகுத்தினால், அது பெருகும்போதே புரதத்தையும் ஆக்கித் தருகிறது. இதனையே மறுசேர்க்கைப் புரதம் என்பர். 156 அமினோ அமிலங்கள் கொண்ட இழை. மூன்று இழைகள் கூடியே தொழிற்படும். மனிதப் புரதத்தையே சுண்டெலிக்குக் கொடுத்தால் என்ன? சுண்டெலியின் உயிரணுக்களில் இதனை ஏற்கும் வாயில்கள் இரண்டு. மனிதப் புரதம் அவற்றுள் ஒன்றில் மட்டுமே நன்கு பொருந்தும். மற்றொன்று அதற்குத் திறவாது.

இங்கே ஓர் இடர் உண்டு. ஈ. கோலையின் மேலுறையிலேயே மேற்சொன்ன நச்சு இருக்கிறது. புரதத்தைப் பிரிக்கும்போது அது சிறிது தங்கிவிட்டாலும் போதும். சுண்டெலி உயிரணுக்கள் நச்சுக்கே பொங்கியெழும், ஆய்வாளரோ புரதத்தின் செயலென்று எழுதிவைப்பார். என் மாணவி இவ்வாறு மூன்று மாத உழைப்பைக் குப்பையில் இட்டாளாம். இந்நச்சைக் காட்டிக்கொடுப்பது குதிரைலாட நண்டின் குருதி. நம் மேற்குக் கரைச் சேற்றில் ஊரும், மலாய்க்காரர் பெலாங்காஸ் என்னும் அதே பிராணியின் இனம். நச்சுப் பட்டதும் அதன் நீலக் குருதி உறைந்துவிடும். 1956இல் பேங் என்பவர் இவ்வுறைதலை வெளியிட்டார்; சோதனை அதன்பின் உருவாயிற்று.

கிள்ளான்வாசிகளுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 1901இல் இங்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து மலேரியாவை ஒடுக்கினார். என் பூட்டனாரின் தம்பி அக்காலத்துக் குளிர்க்காய்ச்சலில் நினைவு தப்பி மாண்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். கிருமி மூளையைத் தாக்கியதால்தானே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். முழுவதும் அன்று. 1987இல் கிராவ் முதலியோர், மூளை மலேரியாவை உண்டாக்கும் கிருமி தொற்றிய சுண்டெலிகளுக்கு டி.என்.எப்.ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது, கிருமி உடலில் இருந்தும் அவை மூளைநோய்க்குத் தப்பின. உடல் மூட்டிய தீயே உடலைச் சுட்டிருக்கிறது.

உடனே மனிதர்க்கும் மருந்து கிட்டிவிட்டதென்று மகிழ்வதற்கில்லை. காம்பியா நாட்டில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளுக்கு அத்தகைய எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1996இல் வெளிவந்தது. இறப்பு குறையவில்லை, பிழைத்தவருள் நரம்புக்கோளாறு மிகுந்திருந்தது. சுண்டெலி மனிதன் அன்று என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்க வேண்டியதாயிற்று.

பயன் வேறிடத்தில் விளைந்தது. மனித டி.என்.எப்.ஐத் தடுக்கும் இன்பிளிக்ஸிமாப் என்னும் மருந்துக்கு, முடக்குவாதத்தின் பொருட்டு 1999இல் அமெரிக்கா இசைவளித்தது. சுண்டெலியின் எதிர்ப்பொருளில் ஒரு பகுதியும் மனிதனதில் ஒரு பகுதியும் இணைத்து ஆக்கப்பட்டது அது. பால்மரம் வெட்டி, விரல் கோணிப்போன என் அன்னையாருக்கு அந்நாளில் அது கிட்டவில்லை. இம்மருந்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருப்பதும் இதே டி.என்.எப்.தான், அதனைத் தடுத்தால் நோய் விழித்துக்கொள்ளும். அதனாலேயே ஊசியைத் தொடங்குமுன் மருத்துவர்கள் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கின்றனர்.