பேரேட்டில் பத்தியில்லாத செலவு

சென்ற ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆரணியில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து புறப்படும் வேளையில் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். தமக்கு ஒரு கணக்கைப் போட்டுத் தர வேண்டும் என்றார். கணக்குப் போடுவதே நம் தொழிலாகையால் மறுக்க மனம் வரவில்லை.

குழித்தறியில் பாவு பாதிக்குமேல் இறங்கியிருந்தது. அவருடைய மனைவியார் ஒரு மூலையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். செய்தி இதுதான்: ஊரில் ஒரு முதலாளி 20,000 ரூபாய் முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டி கிடையாது. தொகை முழுவதும் திரும்பும் வரையில் அவருக்கே நெய்ய வேண்டும். சேலை ஒன்றுக்குச் சங்கம் தரும் கூலியைவிட 200 ரூபாய் குறைவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். "வட்டியில்லாத கடன்தானே ஐயா, இதில் நமக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார்.

தாளை எடுத்து எழுதினோம். அவரும் மனைவியாரும் சேர்ந்து மாதம் 5 சேலை நெய்கிறார்கள். சங்கத்தில் சேலைக்கு 1,800 வீதம் மாதம் 9,000 ரூபாய். முதலாளியிடம் 1,600 வீதம் 8,000 ரூபாய். மாதம் 1,000 குறைந்தால் ஆண்டுக்கு 12,000. இருபதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் அது நூற்றுக்கு 60 வட்டி! வட்டி என்ற பெயர் இல்லாததால்தான் அது கண்ணில் படவில்லை.

கணக்கு அத்துடன் முடியவில்லை. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். 1975 முதல் நடந்துவரும் அத்திட்டத்தில், பெறுகின்ற கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்துகிறார். அரசு 4 காசு சேர்க்கிறது. ஒன்பதாயிரத்துக்கு நெசவாளரின் பங்கு 720, அரசின் பங்கு 360. வெளியில் நெய்தால் அந்த 720 அவர் கையிலேயே இருந்துவிடும். ஆகையால் அதை நஷ்டமாகச் சேர்ப்பது நேர்மையன்று. ஆனால் 360 வராது. ஆண்டுக்கு அது 4,320. முன்னதோடு கூட்டினால் 16,320 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 81,600. இவ்வளவு கொடுத்த பிறகும் முன்பணம் 20,000 தீர்ந்தபாடில்லை. அது அப்படியே நிற்கும். குறைத்த கூலி அசலில் கழியாது அன்றோ?

தாளை அவரிடம் நீட்டினோம். நிதானமாகப் படித்துப் பார்த்தார். "கணக்கு சரிதான் ஐயா. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. நெசவாளர்கள் முன்யோசனையற்றவர்கள், கையில் வருவதைக் கண்டு வருங்காலத்தை மறப்பவர்கள் என்று கூட்டங்களில் பேசுவோர் உண்டு. நாமும் பேசியிருக்கிறோம். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய கூலிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். சங்கம் அவருக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி வைத்திருந்தது. சேமிப்புத் தொகை போக, கைக்கு வரவேண்டியது 16,560 ரூபாய். தமக்குச் சேரவேண்டிய பணம் தம் சங்கத்திலேயே கிடக்க, அதற்குச் சற்றே அதிகமான தொகைக்காக அவர் வேறொருவரிடம் தறியை ஒப்படைக்கும் நிலையில் இருந்தார்.

மீண்டும் சங்கத்துக்கே நடந்தோம். செயலாளர் ஒன்றையும் மறைக்கவில்லை. தீபாவளிக்கு முன்பு சேலைகள் அவ்வளவாக விலைபோவதில்லை. இருப்பு அடுக்கில் தேங்கிக் கிடக்கிறது. வங்கியில் காசுக்கடன் வரம்பு இருந்தும் எடுத்தால் வட்டி ஏறுகிறது. சென்ற ஆண்டு வட்டிச் செலவு மிகுதி என்று பொதுக்குழுவில் கேள்வி எழுந்தது. ஆகவே இவ்வாண்டு கூலியைச் சிறிது தள்ளிக் கொடுக்கிறோம் என்றார். அனைவருக்குமான கூலி நிலுவை ஏறத்தாழ 3 லட்சம். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வட்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 5,000 ரூபாய். அந்த ஐயாயிரத்தைச் சங்கம் மிச்சம் பிடித்தது. ஒரே ஒரு குடும்பம் ஓராண்டில் 16,320 ரூபாய் இழக்க அதுவே வாயிலாக இருந்தது. ஏற்கெனவே வெளியில் சென்றுவிட்ட தறிகளைப் பற்றியும், அவை நெய்யாத சேலைகளால் சங்கத்துக்கு நேர்ந்த குறைவைப் பற்றியும் கேட்டோம். அதற்குக் கணக்கு இல்லை என்றார். உண்மைதான். வட்டிச் செலவுக்குப் பேரேட்டில் ஒரு பத்தி உண்டு. வெளியேறிய தறிக்குப் பத்தி ஏது?

இக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் வேறோர் ஊர்ச் சங்கத்தின் ஆய்வுக் குறிப்பில், சாயச் செலவைக் கணிசமாகக் குறைத்ததற்காக நிர்வாகக் குழுவைப் பாராட்டி எழுதினோம். மலிவான சாயம் வாங்கியிருந்தார்கள். சாயமேற்றிய பின் அலசும் முறைகளிலும் ஒன்றிரண்டைக் குறைத்திருந்தார்கள். மறு ஆண்டு, அரக்குக் கரையின் நிறம் உடலில் இறங்கிய சேலைகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. சாயத்தில் மிஞ்சியது அவ்வாண்டின் கணக்கில் இலாபமாக ஏறியிருந்தது. திரும்பிய சேலைகள் அடுத்த ஆண்டில் 'தள்ளுபடி' என்ற தலைப்பில் ஏறின. இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டியவர் நாமே, பார்க்கவில்லை.

பட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. கச்சாப் பட்டில் இயற்கையாக உள்ள பசையைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து நீக்கினால், எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும் என்பதை ஆரணிச் சாயக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டை எடைபோட்டு விற்கும் வணிகருக்கு அது நஷ்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சாயப் பட்டறைகளில் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வெள்ளீய உப்புகளைப் பட்டில் ஏற்றினார்கள். போன எடை திரும்பியது. சில வேளை அதற்கு மேலும் ஏறியது. துணி கனமாக மடிந்தது, சலசலத்தது; கடையில் பார்ப்பவருக்கு அது உயர்ந்த பட்டாகவே தோன்றியது. சில பத்தாண்டுகளில் அதே துணி பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அக்காலத்து ஆடைகள் பல, இன்று அருங்காட்சியகங்களில் தொங்கவிடவும் இயலாமல் கிடத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. எடை ஏற்றிய பட்டு என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1938-இல் விதி வகுத்தார்கள். அதற்குள் ரேயான் சந்தையில் காலூன்றிவிட்டது.

நம் ஊரில் இன்று அந்த வெள்ளீயத்தின் இடத்தில் நிற்பது சரிகை. பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது அசல் சரிகை. செம்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்ட சரிகையும் சந்தையில் கிடைக்கிறது. 2025-இல் வெள்ளி விலை கடுமையாக ஏறிய பின் இரண்டுக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு யாரையும் சபலப்படுத்தக் கூடியது. மலிவுச் சரிகையை மலிவுச் சரிகை என்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. வாங்குபவர் தம் சக்திக்கேற்ப வாங்குகிறார். அசலென்று சொல்லி விற்பதே கேடு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மத்திய பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய பட்டு முத்திரையும் உண்டு. ஆனால் அம்முத்திரை பட்டு இழைக்கு மட்டுமே உத்தரவாதம், சரிகைக்கு அன்று. சரிகையின் உண்மை வெளிப்படும் நாள் ஒன்று வரும். இருபது ஆண்டு கழித்துப் பழைய பட்டுச் சேலை வாங்குபவர் தெருவில் கூவி வருவார். திருமணச் சேலையை எடுத்துக் காட்டும் அம்மாளிடம், இதில் வெள்ளி இல்லை தாயே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்தத் தறியில் நெய்தது என்பது அந்த அம்மாளுக்கு நினைவிராது. ஆரணி என்ற பெயர் நினைவிருக்கும்.

விவசாய அங்கத்தினர்கள் இதையெல்லாம் நெசவாளர் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். அறுவடை முடிந்த வாரத்தில், எல்லோர் நெல்லும் ஒருசேர ஆரணி அரிசி ஆலைகளின் வாசலுக்கு வரும்போது விலை எப்படி இருக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். நெல்லைக் கிடங்கில் வைத்துச் சங்கத்தில் ஈட்டுக் கடன் பெறும் வழி இருக்கிறது. அதிலும் கடன் உரிய நாளில் கைக்கு வந்தால்தான் பயன், உரக்கடைக்காரர் காத்திருக்கமாட்டார்.

அன்று மாலையே நிர்வாகக் குழு கூடியது. காசுக்கடனில் எடுத்து நிலுவைக் கூலியைக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். வட்டியைப் பற்றி இருவர் ஆட்சேபித்தார்கள். அவர்கள் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. வெள்ளிக்கிழமை பட்டுவாடா நடந்தது. நாம் கண்ட அங்கத்தினர் கட்டணத்தைக் கட்டிவிட்டார். குறைந்த சில ஆயிரத்தை மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிக்கொண்டார் என்று பின்னர் அறிந்தோம். முன்பே முன்பணம் வாங்கிச் சென்றவர்களின் தறிகள் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் தொகையைத் தீர்க்க வழி என்னவென்று குழு ஆலோசித்து வருகிறது. எளிய வழி ஒன்றும் நமக்கும் தோன்றவில்லை.

சங்கத்தின் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் ஓரத்தில் சிறிது வெற்றிடம் இருந்தது. அதில் கோடிட்டு ஒரு பத்தி வரைந்து, 'இம்மாதம் வெளிக்கு நெய்த தறிகள்' என்று தலைப்பிட்டோம். செயலாளர் முதல் மாதத்துக்கு அதில் எழுதிய எண் 4.