கர்ப்பிணிக்குத் தடுப்பூசி: பாதுகாப்பை அளப்பது எப்படி?

கருவுற்ற பெண்ணுக்குத் தடுப்பூசி போடலாமா என்ற பேச்சு எழும்போது, போட்டால் என்ன ஆகும் என்றே குடும்பத்தாரும் சில வேளைகளில் மருத்துவர்களும் கேட்கிறார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதே அழுத்தத்தோடு எழுவதில்லை. கர்ப்ப காலத்தில் வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரல் விரிவதற்கான இடம் குறைகிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலமும் கருவை ஏற்றுக்கொள்ளும் பொருட்டுத் தன் போக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறது. மற்றவர்களுக்குச் சில நாள் காய்ச்சலோடு தணிந்துவிடும் இன்ஃப்ளுயன்சா, கர்ப்பிணிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோவது இதனால்தான். 2009-இல் பரவிய பன்றிக் காய்ச்சலின்போது, அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்தனர்.

தாயை அவ்வளவாக வருத்தாமல் கருவை மட்டும் சிதைக்கும் தொற்றுகளும் உண்டு என்பது 1941 வரை மருத்துவ உலகம் உணராத செய்தி. அவ்வாண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறக்கும்போதே கண்புரையுடன் வந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருப்பதைக் கவனித்து, அவர்களுடைய தாய்மார்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் அம்மைக்கு ஆளானவர்கள் என்று கண்டறிந்து வெளியிட்டார். லேசான காய்ச்சலும் இரண்டு மூன்று நாள் தடிப்பும் மட்டுமே தரும் அந்த நோய், முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்தால் கண், காது, இதயம் ஆகிய மூன்றையும் பாதிக்கக்கூடியது. 1964-65-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.25 கோடிப் பேரைத் தொற்றிய ரூபெல்லாவின் விளைவாக, சுமார் 20,000 குழந்தைகள் பிறவி ரூபெல்லாக் கோளாறுடன் பிறந்தனர். தென்னிந்தியாவும் இதற்கு விலக்கல்ல: 1990-களில் மதுரையில் நடந்த ஓர் ஆய்வு, கண்புரையுடன் வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு ரூபெல்லாவே காரணம் என்று காட்டியது. அதன் பின்னும் நீண்ட காலம் கழித்து, 2017 பிப்ரவரியில்தான் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி முகாம்கள் தொடங்கின.

ரூபெல்லாத் தடுப்பூசி வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனது. அந்த வைரஸ் உடலில் சிறிதளவு பெருகும் என்பதால், கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. போட்டுக்கொண்ட பெண்ணையும் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். ஆயினும் கருவுற்றிருப்பது தெரியாமலேயே போட்டுக்கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1971 முதல் 1989 வரை அத்தகையவர்களைப் பதிவேட்டில் எழுதித் தொடர்ந்து கவனித்தது. ரூபெல்லாவுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் என்று உறுதிசெய்யப்பட்ட, கர்ப்பத்தை நிறைவுவரை தொடர்ந்த 321 பெண்களின் குழந்தைகளில் ஒருவருக்குக்கூடப் பிறவி ரூபெல்லாக் கோளாறு காணப்படவில்லை. தெரியாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இத்தகைய பதிவேடுகளின் பலத்தில்தான். கோட்பாட்டளவில் எஞ்சியிருக்கும் ஓர் ஐயத்துக்காக ஊசியைத் தவிர்ப்பதும், நேர்ந்துவிட்டால் அஞ்சாதிருக்கச் சொல்வதும் முரண்பாடுபோலத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே எச்சரிக்கையின் இரு பக்கங்கள்.

உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகளின் வரலாறு வேறு. நம் ஊர்களில் 'டி.டி. ஊசி' என்று பெயர் பெற்ற ரணஜன்னித் தடுப்பூசியே இவற்றுள் நெடுநாள் அனுபவம் உள்ளது. சுத்தமில்லாத கத்தியாலோ பிளேடாலோ தொப்புள்கொடி அறுக்கப்பட்டு, அந்த வெட்டுவாயில் கிருமி புகுந்த குழந்தை, பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்துவிட்டு, பின்னர் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் உடல் வில்லாக வளைய இறந்துபோகும். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போட்டால் அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியையோ அதன் நஞ்சையோ அடையாளங்கண்டு செயலிழக்கச் செய்யும் புரதங்கள், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று பிறந்த பின்னும் சில மாதங்கள் காக்கின்றன என்பதை, 1961-இல் வெளிவந்த நியூகினி ஆய்வு நிறுவியது. 1988-இல் உலக அளவில் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரணஜன்னியால் இறந்ததாக மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2018-இல் அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ 25,000 என்று மதிப்பிட்டது. சுத்தமான பிரசவத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஊசிக்கே முழுப் புகழையும் கொடுத்துவிடுவது சரியாகாது. இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரணஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதிசெய்யப்பட்டது.

இங்கிலாந்தின் கக்குவான் இருமல் அனுபவமும் இதே வழியில் அமைந்தது. 2012-இல் அந்த நோய் 14 கைக்குழந்தைகளைப் பலிகொண்டபோது, இரண்டு மாதம் நிறைவதற்குள் குழந்தைக்கே ஊசி போட வழியில்லை என்பதால், அவ்வாண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்குப் போடும் திட்டம் தொடங்கியது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை அது ஏறத்தாழ 90 சதவீதம் காத்தது என்றும், ஊசி போட்டுக்கொண்ட 20,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்ததில் குழந்தை இறந்து பிறப்பது அதிகரிக்கவில்லை என்றும் 2014-இல் ஆய்வுகள் வெளிவந்தன.

இவ்வளவு அனுபவம் இருந்தும், புதிய மருந்தோ தடுப்பூசியோ வரும்போதெல்லாம் அதைச் சோதிக்கும் ஆய்விலிருந்து முதலில் விலக்கப்படுபவர்கள் கர்ப்பிணிகளாக இருப்பதற்குத் தாலிடோமைடு என்ற மருந்தின் நினைவே பெரிதும் காரணம். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட அந்த மாத்திரை, 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் வளர்ச்சி குன்றிப் பிறக்கச் செய்தது. அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகத்தின் அலுவலர் பிரான்சிஸ் கெல்சி, போதிய சான்று கேட்டு அனுமதியை நிறுத்திவைத்ததால் அந்நாடு பெரிதும் தப்பியது. பின்னர் 1977-இல் அதே நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993-இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. தாலிடோமைடு கற்றுத் தந்திருக்க வேண்டிய பாடம் இங்கே தலைகீழாகிவிட்டது. அந்தக் குழந்தைகள் ஆய்வுக்கூடச் சோதனையில் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். கர்ப்பத்தில் எப்படி வேலை செய்யும் என்று முறையாகச் சோதிக்கப்படாத மருந்து கடைக்கு வந்ததால் பாதிக்கப்பட்டவர்கள். சோதனையிலிருந்து கர்ப்பிணியை விலக்குவதால் ஆபத்து இல்லாமற்போவதில்லை. கண்காணிப்பு உள்ள இடத்திலிருந்து கண்காணிப்பு இல்லாத இடத்துக்கு அது மாற்றப்படுகிறது, அவ்வளவே.

கோவிட் காலத்தில் இந்தத் தவறு மறுபடியும் நேர்ந்தது. 2020-இல் நடந்த முதன்மைத் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. தரவு இல்லாததால் பரிந்துரையும் இல்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 16-இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் கர்ப்பிணிகளுக்குத் திறக்கப்பட்டது அவ்வாண்டு ஜூலை 2-இல். இரண்டாம் அலையின் உச்சமான ஏப்ரலும் மே மாதமும் அதற்குள் கடந்துவிட்டிருந்தன.

தரவு வந்த பிறகும் அதைப் படிப்பது எளிதாக இல்லை. எந்த ஊசியும் போடாத நிலையிலும், அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. பிறக்கும் குழந்தைகளில் சுமார் 3 சதவீதத்தினருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. ஆகவே லட்சம் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டால், ஊசியில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும், அடுத்த சில வாரங்களில் பல கருச்சிதைவுகள் நிகழவே செய்யும். ஊசிக்குப் பின் நிகழ்ந்தது என்பதும் ஊசியால் நிகழ்ந்தது என்பதும் ஒன்றல்ல. இதை ஆராய்ச்சியாளர்கள் பின்னணி விகிதம் என்ற கணக்கின் வழியே பிரித்தறிகிறார்கள்: எதிர்பார்த்த எண்ணிக்கையைவிட நிகழ்ந்த எண்ணிக்கை கூடுதலா என்பதே கேள்வி.

இந்தக் கணக்கு எங்கே வழுக்கும் என்பதற்கு 2021-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை நல்ல எடுத்துக்காட்டு. 2020 டிசம்பர் நடுவிலிருந்து 2021 பிப்ரவரி இறுதிவரையான பதினொரு வாரத் தரவுகளில், எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டுக்கொண்டு கர்ப்பம் முடிவுக்கு வந்திருந்த 827 பேரில் 104 பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்றும், இது 12.6 சதவீதம் என்றும் அதில் காட்டப்பட்டிருந்தது. ஆனால் அந்த 827 பேரில் 700 பேர் கடைசி மும்மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். கருச்சிதைவு என்பது 20 வாரத்துக்குள் நிகழ்வதைக் குறிப்பதால், அவர்களுக்கு அது நேரவே வழியில்லை. இதைக் கண்ட தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் 700-ஐக் கழித்து, மீதி 127 பேரில் 104 பேர், அதாவது 82 சதவீதம் பேர் கருவை இழந்தார்கள் என்று சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். இது முதல் கணக்கைவிடப் பெரிய பிழை. ஜனவரியில், கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் கர்ப்பம் பிப்ரவரி இறுதிக்குள் முடிந்துவிட்டது என்றால், அது இழப்பில் மட்டுமே முடிந்திருக்க முடியும். கரு நலமாக வளர்ந்துகொண்டிருந்த மற்ற நூற்றுக்கணக்கானோர் முடிவுக்கு வராதவர்கள் என்பதால் அந்த 127-இல் இடம்பெறவே இல்லை. இதழ் கட்டுரையைத் திருத்தியது. பின்னர், ஒவ்வொரு வாரமும் கர்ப்பம் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுத்து 2,456 பேரை ஆராய்ந்தபோது, 6 முதல் 20 வாரத்துக்குள்ளான கருச்சிதைவு விகிதம் ஏறத்தாழ 14 சதவீதமாகவும், வயது வேறுபாட்டைச் சரிசெய்த பின் 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது. அதாவது எதிர்பார்க்கப்படும் அளவே. திருத்தத்தைப் படித்தவர்களைவிட 82 சதவீதத்தைக் கேள்விப்பட்டவர்கள் மிகப் பலர் என்பது வருந்தத்தக்கது.

ஆராய்ச்சியாளர்கள் நல்ல செய்தியை மட்டுமே வெளியிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்மையோடு பொருந்தவில்லை. 2017-இல் அமெரிக்கத் தடுப்பூசிப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவினரே, தொடர்ந்து இரண்டு பருவங்களில் பன்றிக் காய்ச்சல் கூறு அடங்கிய இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாகக் காணப்படுகிறது என்று வெளியிட்டார்கள். அந்த முடிவு சிறிய எண்ணிக்கையை நம்பியிருந்தது. எனவே அதே குழு அடுத்து வந்த மூன்று பருவங்களின் தரவுகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்து, அத்தகைய தொடர்பு இல்லை என்று 2019-இல் அறிவித்தது.

மாறாக, ஐயம் கலையாத நிகழ்ச்சியும் உண்டு. கைக்குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு எதிராக ஜி.எஸ்.கே. நிறுவனம் கர்ப்பிணிகளிடம் சோதித்த தடுப்பூசி நோயைத் தடுத்தது. ஆனால் ஊசி பெற்றவர்களில் 6.8 சதவீதத்தினருக்கும், போலி ஊசி பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 4.9 சதவீதத்தினருக்கும் குறைமாதப் பிரசவம் நேர்ந்தது. காரணம் புலப்படாத நிலையிலேயே 2022 பிப்ரவரியில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. இதே வகையான ஃபைசர் தடுப்பூசிக்கு 2023-இல் அனுமதி அளித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குறைமாதப் பிரசவ ஐயத்தை மனத்தில் கொண்டு, 32 முதல் 36 வாரம்வரை மட்டுமே போட வேண்டும் என்று வரையறுத்தது. கர்ப்பிணிகளை முறையான சோதனையில் சேர்த்திருந்ததாலேயே அந்த வேறுபாடு பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் கண்ணில் பட்டது. இரண்டு சதவீதத்துக்கும் குறைவான அந்த இடைவெளியை, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எந்த மருத்துவராலும் தன் அனுபவத்தால் மட்டும் உணர்ந்திருக்க முடியாது.

எண்ணிப் பார்ப்பதற்கு முதலில் பதிவு வேண்டும். அந்த வகையில், கருவுற்ற ஒவ்வொருவரும் பதிவு செய்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற வேண்டும் என்ற தமிழ்நாட்டின் ஏற்பாடு எளிதில் அமையாத ஒரு வசதி. எந்த வாரத்தில் எந்த ஊசி போடப்பட்டது, கர்ப்பம் எப்படி முடிந்தது என்ற இரண்டு தகவல்களும் ஒரே எண்ணின் கீழ் சேருமானால், புதிய தடுப்பூசிகளைப் பற்றி வெளிநாட்டுத் தரவுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் குறையும். கருவுற்ற பெண்ணும் குடும்பத்தாரும் செய்யக்கூடியது சிறியதே ஆனாலும் பயனுள்ளது: தாய் சேய் நல அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊசிக்குப் பின் காய்ச்சல் நீடித்தாலோ வேறு தொந்தரவு ஏற்பட்டாலோ, ஊசியால்தானா என்ற ஐயத்தில் தயங்கி நிற்காமல், கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.