புதிய வண்ண மீன் இரை எடுக்க மறுக்கிறதா?

செஞ்சியை அடுத்த வல்லம் பகுதியில் கிணற்றுப் பாசனத்தை நம்பி மணிலா, நெல், கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு வண்ண மீன் வளர்ப்பு நல்ல உபதொழில். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நிழலான இடமும், இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகளும், கிணற்று நீரும் இருந்தால் போதும். தாய் மீன் வாங்கப் பெரும்பாலோர் செல்வது சென்னை கொளத்தூருக்கு. வண்ண மீன் வளர்ப்புக்கு நாடெங்கும் பெயர் பெற்ற இடம் அது.

வாங்கி வந்த மீன்களைப் பழைய மீன்கள் உள்ள தொட்டியில் நேராக விடுவதுதான் பலர் செய்யும் தவறு. புது மீனோடு வரும் வெண்புள்ளி நோய் தொட்டி முழுவதும் பரவிவிடும். பத்து மீன் வாங்கப் போய், இருந்த நூறு மீனையும் இழக்க நேரிடும். எனவே புது மீன்களை இரண்டு முதல் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். அங்கே எழும் முதல் தொல்லை, மீன் இரை எடுக்காமல் இருப்பதுதான்.

இரை எடுக்காதது ஏன்?

மீன் பல மணி நேரம் பாலிதீன் பையில் குலுங்கி வந்திருக்கிறது. தண்ணீர் புதிது, வெளிச்சம் புதிது, இரையும் புதிது. கொளத்தூர்த் தொட்டியில் உயிர்ப்புழு தின்று பழகிய மீனுக்கு, நாம் போடும் குருணைத் தீவனம் இரை என்றே தெரியாது. இப்படி மிரண்ட மீன் ஓரிரு நாள் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. நன்கு வளர்ந்த, நோயற்ற மீன் ஒரு வாரம் வரை பட்டினியைத் தாங்கும். குஞ்சுகள் தாங்கா. பயந்துபோய்த் தீவனத்தை மேலும் மேலும் கொட்டுவதே ஆபத்து. தின்னாத தீவனம் அழுகி அம்மோனியா உண்டாகும். பசியைவிட அது விரைவில் மீனைக் கொல்லும்.

முதல் நாள்

நூறு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டப் ஒன்றே போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. ஆகவே முதல் நாளே நிரப்பி, ஏர் பம்ப் வைத்து ஒரு நாள் ஓடவிட வேண்டும். பஞ்சாயத்துக் குழாய் நீரானால் குளோரின் போக அதே முறை உதவும். மறைந்துகொள்ள உடைந்த மண்பானை ஓடு ஒன்றைப் போடலாம். மேலே பாதிக்குத் தென்னங்கீற்று மூட வேண்டும்.

பையைத் திறக்காமல் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் சேர்க்க வேண்டும். திறந்த பையை நெடுநேரம் வைத்திருக்கலாகாது. பையில் சேர்ந்த அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடிவிடும். மீனைக் கைவலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்று இரை வேண்டாம்.

எந்த இரை, எவ்வளவு?

இரண்டாம் நாள் காலை, அசையும் இரையைச் சிறிதளவு கொடுத்துப் பார்க்கவும். நீரில் நெளியும் உயிரைக் கண்டால் மீனுக்குப் பசி தூண்டப்படும். தண்ணீர்த் தெள்ளு எனப்படும் மொய்னா இதற்கு மிகச் சிறந்தது. சாணமும் ஊறவைத்த மணிலாப் பிண்ணாக்கும் சிறிதளவு கரைத்த நீரில் இதை வீட்டிலேயே பெருக்கலாம். கொசுப் புழுவும் நல்ல இரைதான். ஆனால் புழு வளர்க்கும் பாத்திரத்தை நான்கைந்து நாளுக்குள் வடித்துக் காலி செய்யாவிட்டால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்தவர்களாவோம். சாக்கடையில் அள்ளும் டியூபிபெக்ஸ் புழு நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். வேறு வழியில்லையெனில், ஓடும் நீரில் நன்கு அலசிய பின்பே உபயோகிக்கவும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே ஒரு வேளைக்குப் போதும். கால் மணி கழித்தும் மீதியிருந்தால் டியூபால் உறிஞ்சி வெளியேற்றவும். பைட்டர், கப்பி மீன்கள் மேல்மட்டத்தில் இரை எடுக்கும்; தங்க மீன் அடியிலும் தேடும். கவுராமி கூச்சமுள்ளது, ஆள் நகர்ந்த பின்தான் தின்னும். ஆஸ்கர் போன்ற பெரிய மீன் சில நாள் முரண்டு பிடிக்கும். அதற்கு உரித்த இறாலைப் பொடியாக நறுக்கிப் போடலாம்.

உயிர் இரை எடுக்கத் தொடங்கி மூன்று நாள் ஆனதும், அதற்குச் சற்று முன் பசியோடு இருக்கும் வேளையில் குருணைத் தீவனம் இரண்டு சிட்டிகை போட வேண்டும். நாளுக்கு நாள் குருணையைக் கூட்டி உயிர் இரையைக் குறைத்து வந்தால், பத்து நாளில் மீன் பழகிவிடும்.

தண்ணீரே மருந்து

தினமும் கால் பங்கு நீரை மாற்றவும். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், நூறு லிட்டருக்கு நூறு கிராம் கல் உப்பு கரைத்து விட்டால் மீனின் சோர்வு குறையும். கப்பி, மோலிக்கு உப்பு நன்கு ஒத்துக்கொள்ளும். கெளுத்தி இனங்களுக்கு வேண்டாம். மார்கழிக் குளிரில் நீர் குளிர்ந்தால் எந்த மீனும் இரை குறைக்கும். அப்போது தொட்டியை வீட்டுக்குள் வைப்பது உசிதம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

மீன் மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயுக் குறைவோ அம்மோனியாவோ காரணம். உடனே நீரை மாற்றவும். உடம்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளி தெரிந்தால் வெண்புள்ளி நோய். புள்ளி மறைந்தாலும் கிருமி தொட்டியில் இருக்கும். அவசரப்பட்டு மீனை இடம் மாற்றக் கூடாது. வயிறு ஒட்டி, கழிவு வெள்ளை நூல்போல் தொங்கினால் பெரும்பாலும் குடலில் ஒட்டுண்ணி. இவற்றுக்குக் கடைக்காரர் சொல்லும் மருந்தையெல்லாம் ஊற்றாமல், மீன்வளத் துறை அலுவலரையோ திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டுச் செய்யவும்.

தனித் தொட்டிக்கென வலை, வாளி, டியூப் தனியே இருக்கட்டும். அங்கு உபயோகித்ததை மற்றத் தொட்டியில் நனைத்தால் மூன்று வார உழைப்பும் வீண்.

இன்னொரு யோசனை: வாங்கும்போதே, நம் கண்ணெதிரில் இரை போட்டுக் காட்டச் சொல்லவும். பாய்ந்து தின்னும் மீனை மட்டும் எடுக்கவும். என்ன தீவனம் போடுகிறார்கள் என்று கேட்டு, அதில் ஒரு பிடி வாங்கி வரவும். அந்தச் சிறு செலவு, தாய் மீனுக்குக் கொடுத்த பணத்தைக் காப்பாற்றும்.