அட்டை போட்டுப் படிக்கும் காதல்

தமிழ்க் காதல் நாவல்களுக்கு மலை மீது தீராத மோகம். நாயகன் எஸ்டேட் முதலாளியாக இருப்பான்; கோபக்காரன், ஆனால் உள்ளுக்குள் ஈரம் உள்ளவன். பனி சூழ்ந்த பங்களாவுக்கு மருமகளாக வரும் நாயகி முதலில் முறைப்பாள், பிறகு மனம் இளகுவாள். நிஜ மலை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து விடிவதற்கு முன்பே பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. குனிந்த முதுகு நிமிராமல், முற்றிய காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். மழைக்காலமென்றால் அட்டைக்கடி வேறு. இருட்டும் நேரத்தில் மலையிறங்கினால் வீட்டில் அடுப்பு காத்திருக்கும். கதையின் மலைக்கும் இந்த மலைக்கும் இவ்வளவு தூரம் இருந்தும் அந்தக் கதைகளைத் தமிழ்ப் பெண்கள் அரை நூற்றாண்டாக விரும்பிப் படிக்கிறார்கள். புத்தகத்தின் அட்டையை மறைத்துக்கொண்டும் படிக்கிறார்கள். விருப்பத்துக்கும் காரணம் உண்டு, வெட்கத்துக்கும் காரணம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

முதலில் விருப்பம். தினத்தந்தி குழுமத்தின் ராணிமுத்து 1969இல் தொடங்கி, முழு நாவலை மலிவு விலையில் வீட்டுக்குள் கொண்டுவந்தது. மாலைமதி, கண்மணி என்று மாத நாவல்களின் வரிசை நீண்டது. அந்த வரிசையில் குடும்பப் பெண்களின் பெரும் ஆதரவைப் பெற்றவர் ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அவரது நாவல்களில் உடலுறவை விவரிக்கும் பக்கங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு பார்வை, தற்செயலாகப் பட்ட விரல், அறைக்கதவு வரை வந்து திரும்பும் காலடி என்று தாபத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். சரோஜாதேவி பெயரில் ஆண்களுக்காக ரகசியமாக விற்ற மலிவுப் புத்தகங்களில் பெண் ஒரு உடம்பு மட்டுமே. ரமணிசந்திரனின் கதையிலோ அவள் முகம் வாடியதைக் கவனிக்க ஒருவன் இருக்கிறான். அவள் சாப்பிட்டாளா என்று கேட்கிறான். அவளைப் புண்படுத்தியதற்காகக் கடைசி அத்தியாயத்தில் தலைகுனிகிறான். நாளெல்லாம் அடுத்தவர் பசியையும் மனநிலையையும் கவனித்தே பழகியவளுக்கு, தன்னை ஒருவர் கவனிப்பதாகக் கற்பனை செய்வதே பேரின்பம். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலிலும் இதைத்தான் காண்கிறோம். அவர் சந்தித்த வாசகியருக்குக் கதையைப் போலவே படிக்கும் நேரமும் முக்கியமாக இருந்தது. கையில் புத்தகம் இருக்கும்வரை அவர்கள் யாருக்கும் மனைவியோ தாயோ இல்லை.

அடுத்து வெட்கம். கதை மலிவானது என்பதால்தான் வெட்கம் என்றால், அதே தாளில் அதே விலையில் வந்த ராஜேஷ்குமாரின் குற்றக்கதையைப் பேருந்தில் விரித்துப் படித்த ஆண்களும் கூசியிருக்க வேண்டும். யாரும் கூசவில்லை. காமம் எழுத்தில் வருவதுதான் கூச்சம் என்றால், அதை மறுக்கவும் பழைய சாட்சி இருக்கிறது. போடியிலிருந்து தேனி, வத்தலக்குண்டு தாண்டிப் போனால் நிலக்கோட்டை. அந்த ஊர்ப் பாளையக்காரர் கூளப்ப நாயக்கரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சுப்ரதீபக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் ‘கூளப்ப நாயக்கன் காதல்’, ‘விறலிவிடு தூது’ ஆகிய சிருங்கார நூல்களைப் பாடினார். அவை சிற்றிலக்கியமாக இன்றும் மதிப்போடு நிற்கின்றன. அதே நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் முத்துப்பழனி என்ற பெண், ராதையின் தாபத்தைத் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்று பாடினார். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. ஒரு பெண் எழுதத் தகாதது என்பதே சீர்திருத்தவாதியான வீரேசலிங்கத்தின் கண்டனம். ஆண்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதை ஏற்றவர்கள் இதை மட்டும் எதிர்ப்பது ஏன் என்று நாகரத்தினம்மாள் கேட்டார். ஆங்கிலேய அரசு தடை விதித்தது; 1947இல்தான் அது நீங்கியது. ஆக, சிருங்காரத்தில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை. அதைப் பெண் தன் சந்தோஷத்துக்காக எடுத்துக்கொள்வதில்தான் ஆட்சேபம். மாத நாவலுக்கு அட்டை போடும் கை அந்தத் தீர்ப்புக்கே இன்னும் கீழ்ப்படிகிறது.

இந்தக் கதைகள் பொய்க் கனவை விற்றுப் பெண்களை ஏமாற்றுகின்றன என்று இலக்கியவாதிகளும் பெண்ணியவாதிகளும் சொல்வதுண்டு. ஆனால் ஜீப்பில் மலையேறிப் போகிறவளுக்கு எஸ்டேட் என்றால் என்னவென்று நாவல் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பங்களாவின் பின்வாசலும் கூலிக்கணக்கும் எழுத்தாளரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ரசிப்பது ஏமாறுவதாகாது. ஒரே அடியில் இருபது பேரை வீழ்த்தும் கதாநாயகனுக்கு விசிலடிக்கும் ஆணைப் பார்த்து அப்பாவி என்று நாம் இரங்குவதில்லையே!

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாத நாவலின் இடத்தை இன்று பெருமளவு கைப்பேசி பிடித்துவிட்டது. பிரதிலிபி போன்ற செயலிகளிலும் கிண்டிலிலும் பெண்களே எழுதிப் பெண்களே படிக்கும் தொடர்கதைகள் குவிகின்றன. அட்டையே இல்லாததால் மறைக்கவும் வேண்டாம். 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நூல்வரிசையின் வெற்றிக்கு மின்னூல் கருவிகள் துணைசெய்ததும் இதனால்தான். ஆனால் இந்தத் தமிழ்த் தொடர்கதைகளில் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று ஒரு வகையே உருவாகியிருக்கிறது. அவன் பழிவாங்கத் தாலி கட்டுவான், அறைவான், மனைவியைப் பலவந்தப்படுத்துவான்; கடைசியில் கண்கலங்கினால் எல்லாம் மன்னிக்கப்படும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை வன்புணர்வு என்று ஏற்கவில்லை. சட்டம் விட்ட அந்த ஓட்டையைக் கதை காதல் என்று பூசி மறைக்கும்போது, வெறும் கற்பனைதானே என்று தோளைக் குலுக்கிவிட முடியாது. வாசகி அறிவுள்ளவள் என்பது எழுத்தாளரின் பொறுப்பை எந்த விதத்திலும் குறைக்காது.

ஆனால் இதற்கு மருந்தாக வெட்கத்தைச் சொன்னால் நோய் முற்றத்தான் செய்யும். வெட்கம் இதுவரை யார் படிப்பதையும் நிறுத்தியதில்லை. படித்ததைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் படிக்கும் நாவல்களுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை வருவது அபூர்வம்; இலக்கியக் கூட்டங்களில் அவற்றின் பெயரே அடிபடுவதில்லை. அதனால் நாயகியின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் கதையும், அவள் கன்னத்தில் அறையும் கதையும் ஒரே ‘குப்பை’ என்ற பெயரில் தப்பித்துக்கொள்கின்றன. நல்லதற்குப் பாராட்டும் கிடையாது, கெட்டதற்குக் கண்டனமும் கிடையாது. எனவே வாசகியருக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. அட்டையைக் கழற்றுங்கள், தோழியிடமும் மகளிடமும் கதையைச் சொல்லுங்கள். இந்த நாயகன் ஏன் பிடிக்கிறது என்றும் சொல்லுங்கள், எந்தப் பக்கத்தில் அவனை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் காதில் அது விழட்டும்.